எர்த் பிடிக்காத வண்டி

ஆக்ஸிலேட்டர் பெடல் சூடாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்ததால்தான் தெரிந்தது. சுடுகிற சூடு இல்லை. பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் எழுந்துபோன ஸீட்டில் உட்கார்ந்தால் கீழேயிருந்து ஏறுமே, அந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. போதாததற்கு லேசான பிசுபிசுப்பு வேறு. எலக்ட்ரீஷியன் காலை இழுத்து, மறுகாலின் பேண்டில் உள்ளங்காலைத் தேய்த்தான். தேய்த்த பிறகும் கூச்சம் போகவில்லை.

பெடல் ஏன் சுடும் என்பது அவனுக்கு அத்துப்படி. இருபது வருஷமாகக் கார்களுக்கு ஒயர் பார்க்கிறவன். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்றிவிட மூட்டை மூட்டையாகக் கரண்ட் கேட்கும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து தடித்த ஒயரில் அது ராஜநடை போட்டு வந்துவிடும். வருவது பெரிய காரியமில்லை, திரும்பிப் போக வேண்டும். எஞ்சின் உட்கார்ந்திருப்பதோ ரப்பர் மேல். ரப்பருக்குள் கரண்ட் நுழையாது. அதனால் எஞ்சினிலிருந்து வண்டியின் பாடிக்குச் செம்பில் ஒரு பின்னல் பட்டை, பாடியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு ஓர் ஒயர். இதுதான் எர்த். பட்டை துருப்பிடித்தால் கரண்ட் உட்கார்ந்து அழாது. சந்தையில் பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரி மாதிரி, எந்தச் சந்தில் சுங்கம் குறைவோ அந்தச் சந்தில் புகுந்து வீடு போய்ச் சேரும். ஆக்ஸிலேட்டர் கேபிள் இரும்பு. ஒரு முனை எஞ்சினில், மறுமுனை பெடலில். அது போதும். கேபிள் பழுக்கும், பெடல் சுடும்.

எல்லாம் சரி. ஆனால் அவன் இன்னும் சாவியே போடவில்லை.

வண்டி வந்து நான்கு நாள் ஆகிறது. வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று பார்த்தவுடனே தெரிந்தது. விற்ற புரோக்கர் மட்டும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற தோரணையில் பேசினார்.

"அண்ணே, இது தண்ணியவே பார்க்காத வண்டி. கழுவக்கூட தண்ணி காட்டாம துணியாலயே தொடச்சு வெச்சிருந்தாங்க."

"அப்ப பின் ஸீட்டுக்கு அடியில கெடக்குதே ஒரு மீனு, அது எப்படி வந்துச்சு? டிக்கெட் எடுத்துட்டா?"

"அது உங்களுக்கு ஃப்ரீண்ணே."

இரண்டு பேரும் சிரித்த முகத்தோடு ஒருவரையொருவர் ஒரு மணி நேரம் அறுத்தார்கள். கடைசியில் புரோக்கர் இறங்கிய வேகம்தான் இடித்தது. பாதி விலையில் நின்று சண்டை போட வேண்டியவர், அதற்கும் கீழே தானாகவே சறுக்கி, சாவியைக் கையில் திணித்துவிட்டு, கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். வாங்குகிறவன் வயிறு குளிர்ந்தால் விற்றவன் ஏதோ ஒளிக்கிறான் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன்தான் எலக்ட்ரீஷியன். இருந்தும் வாங்கினான். மற்றவர்கள் பிணம் என்று பார்த்த வண்டியை அவன் ஒரு பின்னல் பட்டை என்று பார்த்தான். எர்த் போய்விட்டது, வேறொன்றுமில்லை, அரை நாள் வேலை. தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

அவசரத்துக்குக் காரணம் வீட்டுக்குள் இருந்தது. தங்கைக்கு நிறைமாதம். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிரசவத்துக்குப் போகும் வழியில், கூப்பிட்டு வந்த வாடகை வண்டி நடுரோட்டில் நின்றுபோனது. செல்ஃப் எடுக்கவில்லை. வேறு வண்டி கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது. வெளியூர் வேலைக்குப் போயிருந்த எலக்ட்ரீஷியன் மறுநாள் வந்து அந்த வண்டியைத் திறந்து பார்த்தான். எர்த் போல்ட் தளர்ந்திருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரில் அரைச் சுற்று. அவ்வளவுதான். அன்றைக்கு அவன் தங்கையிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த முறை ஒன்று சொன்னான்: வண்டி வாசலிலேயே நிற்கும், தொட்டவுடன் எடுக்கும்.

வாசலில் நின்றது. எடுக்கத்தான் இல்லை.

மத்தியானம் மூன்று மணி. ஷெட்டின் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் தன் இருமலே தனக்குக் கேட்கவில்லை. பானெட்டைத் திறந்தான். நான்கு நாள் வெயிலும் மின்விசிறியும் காட்டி உலர்த்திய வண்டி, திறந்தவுடன் முகத்தில் ஏப்பம் விட்டது. வடிகால் சேறு, நனைந்த நாய், பால் புட்டிக்குள் மறந்துபோன பால், எல்லாம் ஒரே மூச்சில். முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டார்ச்சை கியர்பாக்ஸ் பக்கம் சாய்த்தான்.

பின்னல் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பட்டை இருந்தது. முதல் பார்வைக்கு அப்படித்தான் தோன்றியது. விரல் தடிமனில் சாம்பல் நிறமாக, போல்ட்டிலிருந்து பாடிக்குத் தொங்கியது. ஸ்பேனரின் முனையால் தட்டினான். உலோகம் தட்டுப்பட வேண்டிய இடத்தில், அவிந்த இறைச்சியைத் தட்டின மாதிரி உள்வாங்கி, மெதுவாக மறுபடி உப்பியது. மேலெல்லாம் ஈரமாக மெல்லிய ரோமம். எலி கூடு கட்டியிருக்கும், கிரீஸும் சேறும் சேர்ந்து ஊறியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எலியே இப்படி ஒழுங்காகப் பின்னுமா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தச் சனியனை இடுக்கியால் பிடித்து இழுத்தான். நீண்டது. இன்னும் நீண்டது. பிறகு 'சளக்' என்று அறுந்து, வெட்டுவாயிலிருந்து பால்போல ஒன்று வடிந்து அவன் மணிக்கட்டில் ஓடியது. வெதுவெதுப்பாக.

அதே நொடியில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. பேட்டரியின் மைனஸ் ஒயர் அவன் கண்ணுக்கு எதிரே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மார்க்கெட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் கசிகிற ஒயரா என்று பார்க்க நுனியை நாக்கில் வைப்பான். புளித்தால் கசிவு, சப்பென்றிருந்தால் சுத்தம். தங்கைகூடக் கிண்டல் செய்வாள்: "உனக்கு இன்னும் பொண்ணு அமையலைன்னா அதுக்கு ஜாதகம் காரணம் இல்லண்ணா. ஊரான் வண்டியை எல்லாம் நக்கினா எவ வருவா?" இருபது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமல் கை செய்துவிடும். பாடிப் பக்கம் தொங்கிய அந்த மைனஸ் ஒயரின் நுனியைத் துணியால் துடைத்து நாக்கில் வைத்தான்.

புளிக்கவில்லை. சப்பென்றும் இல்லை. இனித்தது.

கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு, உடம்புச் சூடு. எப்போதோ, ருசி என்று ஒன்று தெரிவதற்கு முன்னாலேயே குடித்துப் பழகிய ஏதோ ஒன்றின் ருசி. ஒரு கணம் நாக்கு அதை விட்டு வர மறுத்தது. அந்த ஒரு கணம்தான் பிறகு அவனை அதிகம் அருவருக்க வைத்தது. ஷெட் மூலைக்கு ஓடி ஓங்கரித்தான். வாய் கொப்பளித்தான். சோப்பைக் கடித்துத் துப்பினான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய ரோமம் ஒன்று சிக்கியிருந்தது. பிடித்து இழுக்க இழுக்க அது தொண்டைப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்தது.

"என்னண்ணா, எனக்கு வர்ற வாந்தி எல்லாம் உனக்கு வருது?" சமையலறைக் கதவருகே தங்கை நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் தண்ணீர் டம்ளர். "நீயும் டாக்டர்கிட்ட காட்டிடு. ரெண்டு பேருக்குமா சேர்த்து ஒரே ரூம் கேட்போம்."

"உள்ள போ. இங்க நாத்தம்."

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே." அவள் காற்றை மோந்தாள். முகம் இளகியது. "நல்லாத்தான் இருக்கு. குழந்தைக்குப் பால் காய்ச்சின வீடு மாதிரி."

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு வேலையைப் பாடம் படிக்கிற ஒழுங்கோடு செய்தான். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டை உப்புத்தாளால் வெள்ளி தெரியும்வரை தேய்த்தான். கியர்பாக்ஸ் பக்கமும் அப்படியே. புத்தம் புதிய செம்புப் பட்டை. பல் வைத்த வாஷர், உலோகத்தைக் கடித்துப் பிடிப்பதற்கு. இறுக்கினான். மேலே கிரீஸ், ஈரம் புகாமலிருக்க. மைனஸை மாட்டி, தன் பழைய முள் மீட்டரின் ஒரு கிளிப்பை எஞ்சினிலும் மறு கிளிப்பை மைனஸிலும் கவ்வவிட்டு, சாவியைத் திருகினான். செல்ஃப் சுற்றும்போது முள் அசையாமலிருந்தால் எர்த் சுத்தம்.

முள் அசையவில்லை. செல்ஃபும் சுற்றவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம், வேண்டாததை ஊட்டினால் குழந்தை வாயை மூடிக்கொள்ளுமே, அப்படி.

எல்லா ஒயரும் சரி. பேட்டரி புதிது. ஒரு மணி நேரம் தேடிவிட்டு மறுபடி பட்டையிடம் வந்து டார்ச் அடித்தான். வெள்ளிபோல் தேய்த்திருந்த இடம் முழுக்க இளஞ்சிவப்பாக ஏதோ வியர்த்திருந்தது. வாஷரின் பற்களுக்கு நடுவில் கோழை. செம்புப் பட்டையின் ஒரு ஓரம் நிறம் மங்கி, தொட்டால் கொழகொழத்தது. அதில் ரோமம் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அவன் கழுவினான். பெட்ரோல் ஊற்றிக் கழுவினான். மறுபடி தேய்த்து, மறுபடி இறுக்கினான். 'டக்.' மறுபடி வியர்த்தது. அறுந்துபோன பழைய சனியனின் மறுமுனை எங்கே போகிறது என்று அப்போதுதான் பார்த்தான். எஞ்சின் தடுப்புச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. வண்டிக்குள் தரை மிதியடியைக் கிழித்தான். தரையோடு தரையாக, கியரைச் சுற்றி, பின் ஸீட்டுக்கு அடியில். ஸீட்டைத் தூக்கினான். ஸ்பிரிங்குகளுக்கு இடையில் நூறு கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு நுனியும் மேல்நோக்கி, ஈரமாக, ஒரு சின்ன வட்டமாகத் திறந்திருந்தது.

எதையும் பிடித்திருக்கவில்லை. எதற்கோ காத்திருந்தது.

கத்தியால் அறுத்து, வாளியில் அள்ளி, ஸீட்டைத் திரும்ப வைத்து, மழையில் நடந்து தெருக்கோடி வடிகாலில் கொட்டிவிட்டு வந்தான். தெருவில் முழங்கால் தண்ணீர். திரும்பி வந்தபோது உள்ளே தங்கை யாருடனோ போனில் பேசுகிற மாதிரி முணுமுணுப்பு கேட்டது. மைனஸைக் கழற்றித் தொங்கவிட்டான். வியர்த்த செம்புப் பட்டையையும் கழற்றி எறிந்தான். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டான். மீட்டரின் தொங்கிய கிளிப்பைப் பாடியில் கவ்வவிட்டான். வண்டியை முட்டுக்கொடுத்து, கோணியை விரித்து, அடியில் மல்லாந்து நுழைந்தான். கடைசியாக ஒருமுறை. கியர்பாக்ஸில் வேறு போல்ட், பாடியில் வேறு இடம். இந்தத் தடவை பிடிக்காவிட்டால் வண்டியைக் கொளுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவைப்பது என்று முடிவு செய்தான். அதை நான்கு நாள் முன்னாலேயே செய்திருக்கலாம் என்று மழை தகரத்தில் சொல்லிக்கொண்டே இருந்தது.

முகத்துக்கு ஒரு சாண் மேலே வண்டியின் வயிறு. சேறு காய்ந்து செதில் செதிலாக. பழைய போல்ட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவு திறந்தது.

"அண்ணா..."

"உள்ள இருன்னு சொன்னேன்ல."

"குத்துதுண்ணா. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. டாக்ஸிக்கு அடிச்சேன், ரோட்டுல தண்ணி, வரலைன்னுட்டாரு. ஆம்புலன்ஸ் ஒரு மணி நேரம் ஆகுமாம்."

"இன்னும் ஒம்போது நாள் இருக்கே."

"அதை அதுகிட்ட சொல்லு." சிரிக்கப் பார்த்தாள். மூச்சு முட்டியது. "நின்னா முடியலை. உக்காந்துக்கறேன்."

"வேணாம். வண்டில ஏறாதே. கேக்குதா? ஏறாதே."

மழை. அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

தலைக்கு மேலே ஸ்பிரிங் மெதுவாக அமுங்கியது. வண்டியின் வயிறு இரண்டு விரல் கீழே இறங்கியது. பின் ஸீட். கதவு சாத்துகிற சத்தம், மெத்தென்று, யாரோ உள்ளேயிருந்து பிடித்துச் சாத்தின மாதிரி.

"அண்ணா. பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

தரைத் தகட்டின் ஓட்டை வழியாகச் சொட்டியது. மணிக்கட்டில். கழுத்தில். உதட்டின் ஓரத்தில். வெதுவெதுப்பாக. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் இனிப்பு.

முகத்துக்கு நேரே எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

அவன் அலறினானா என்று தெரியவில்லை. முழங்கை தோல் உரிய வெளியே வந்தான். சட்டைப் பையைத் தொட்டான். சாவி இருந்தது. பானெட்டுக்கு ஓடினான். மைனஸ் ஒயர் அந்தரத்தில். பட்டை எதுவும் மாட்டப்படவில்லை. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் செம்பு இல்லை, இரும்பு இல்லை, ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஓடியது. தன் வாழ்க்கையில் அவன் கேட்ட எந்த எஞ்சினும் அவ்வளவு சீராக ஓடியதில்லை. ஹெட்லைட் இரண்டும் பளீரென்று, ஒரு மினுக்கல்கூட இல்லாமல்.

பின் கதவை இழுத்தான், திறக்க வரவில்லை. கைப்பிடி அவன் கைச்சூட்டில் இருந்தது. கண்ணாடி வழியே தங்கை தெரிந்தாள். தலை சாய்ந்து, வாய் சற்றுத் திறந்து, பால் குடித்து முடித்த குழந்தையின் முகம்.

"வலி நின்னுருச்சுண்ணா." கண்ணாடிக்குப் பின்னால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. "கதகதன்னு இருக்கு. யாரோ புடிச்சிருக்காங்க."

"எறங்கு. கதவைத் தள்ளு."

"கால் வரலை." அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஸீட்டின் ஓரத்தில், அவள் நைட்டியின் நனைந்த மடிப்புகளுக்கு அடியில், இளஞ்சிவப்பாக, மறுபடி முளைத்த நூறு நுனிகள். இப்போது எதுவும் திறந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் எதையோ கவ்வி மூடியிருந்தது.

பிளஸ். பிளஸ்ஸைக் கழற்றினால் செத்துப்போகும். ஸ்பேனரை எடுத்தான். கை வழுக்கியது. போல்ட்டில் மாட்டினான். எஞ்சின் விளிம்பில் வைத்த மீட்டர் கண்ணில் பட்டது. ஒரு கிளிப் எஞ்சினில், மறு கிளிப் பாடியில்.

முள் துடித்துக்கொண்டிருந்தது.

சின்னத் துடிப்பு. வேகமாக. நொடிக்கு இரண்டுக்கும் மேலே. ஸ்கேன் அறையில் டாக்டர் ஸ்பீக்கரில் வைத்துக் காட்டினபோது தங்கையும் அவனும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே வேகம்.

போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினான். எஞ்சின் இறங்கியது. முள் தயங்கியது. பின் ஸீட்டில் ஒரு முனகல்.

அரைச் சுற்று.

முள் ஒன்று அடித்தது. நின்றது. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

"அண்ணா." இந்த முறை தங்கையின் சொந்தக் குரல். "அண்ணா, அசையலைண்ணா. குழந்தை அசையலை."

அவன் இறுக்கினான். பல்லைக் கடித்து, கையிலிருந்த பலம் முழுவதையும் கொடுத்து இறுக்கினான். மரை வழுக்கியது. ஸ்பேனரை வீசிவிட்டு, உள்ளங்கையால் ஒயரைப் பேட்டரியின் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தான். எஞ்சின் குரல் எழுந்தது. முள் துடித்தது. சீராக.

தகரத்தில் மழை குறைந்துவிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் எந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. விரல் இடுக்குகளில் வெதுவெதுப்பாக ஏதோ ஊறி, மணிக்கட்டில் ஏறி, மெல்லிய ரோமத்தோடு சட்டைக்கைக்குள் நுழைந்தது. கையை எடுக்கவில்லை. பின் ஸீட்டுக்கு அடியில், ஸ்பிரிங்குகளுக்கு நடுவில், அவசரமே இல்லாமல், நிறைவாக உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.